நிழல் மடிப்பவன்

வீரையடிக் கோட்டைக்குக் கல்மதில் இல்லை.
பாலை மரங்களை நெருக்கி நட்டு
நூறு வருசம் காத்திருந்தார்கள்.
கோடாலி பட்டால் பால் வடியும்,
அன்றிரவு உள்ளே எல்லோருக்கும் காய்ச்சல்.

நான் அங்கே நிழல் மடிப்பவன்.

நெல்லு பழைய வரி. அதையும் விடவில்லை.
வான் பாயாத மூன்றாம் ஆண்டு
வன்னிமை நிழலையும் கேட்டார்.
குடிக்கு ஒன்று, பட்டோலையில் பதிவு.
குதிக்காலில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு.
இரத்தம் வராது.
ஆள் மட்டும் கொஞ்ச நாள்
கூரை பிரித்த வீடு மாதிரி நடமாடும்.

எல்லாவற்றையும் தன் முற்றத்தில் விரித்தார்.
சோளகம் அடித்துக் காடு கருகுகையில்
அவர் முற்றம் மட்டும் கிணற்றடி போலக் குளிர்ந்தது.
பொழுதுபட நான் உதறி, மடித்து,
பூச்சி அரிக்காமல் வேப்பிலை வைத்து
முளைகளில் தொங்கவிடுவேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
தொட்டதும் சொல்வேன்:
இது கனகராயன் ஆற்று மீன்காரி, ஈரம் போகாது.
இது தேன் எடுக்கும் பூதன், எறும்பு மொய்க்கும்.
இது வேலாத்தை. எப்படி மடித்தாலும்
விடிய நிமிர்ந்து நிற்கும்.

மாசிப் பனியில் ஒரு நாள்
ஏழு நிழல்கள் மட்டும் நேராகத் தொங்கவில்லை.
காற்றில்லை.
ஆனாலும் கொம்பறைப் பக்கம் சாய்ந்திருந்தன,
தாய்ப்பசுவின் மணம் பிடித்த கன்று
கயிற்றை இழுப்பது போல.

விளங்கிவிட்டது.
நிழல் இல்லாதவரை விளக்கு காட்டிக்கொடுக்காது.
காவற்காரர் பந்தத்தோடு கொம்பறைக்குள் எட்டிப் பார்ப்பார்கள்,
சுவரில் ஒன்றும் அசையாது, திரும்பிவிடுவார்கள்.
நெல்லு மட்டும் இறங்கிக்கொண்டே போனது.
"எலி" என்றான் கணக்கன்.

நான் விசுவாசி. என் அப்பு ஆணை.
இருபத்தாறு வருசத்தில்
வன்னிமையிடம் ஒரு பொய் சொன்னதில்லை.
அவர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி:
"கோணாமலை, பால் சூடா?"
"சூடு, ஐயா."
ஆறியிருந்தால், "ஆறிப்போச்சு, ஐயா."
ஏழு நிழல் சாய்ந்த அன்றும் அதைத்தான் கேட்டார்.
அதற்குத்தான் சொன்னேன்.

வைகாசி அமாவாசை.
முகமெல்லாம் உமி ஒட்டி
ஏழு பேர் என் நிழலறைக்குள் நின்றார்கள்.
வேலாத்தை கையில் அரிவாள்.
"உள்ளே எத்தனை காவல்?"

கேட்டாள் அல்லவா. சொன்னேன்:
"பதினொரு பேர். மூவர் நித்திரை.
வாசலில் நிற்பவனுக்கு வலக்கண் தெரியாது."

வெகுநேரம் என்னையே பார்த்தாள்.
"நீ யார் பக்கம்?"

இதை யாரும் கேட்டதில்லை.
கைவசம் பதில் இல்லை.
"பால் அடுப்பில் இருக்கிறது" என்றேன்,
"குடித்து முடிக்கட்டும்."

பூதன் பல்லைக் கடித்தான்.
அவள் என்ன நினைத்தாளோ,
அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு
ஓரமாக நின்றாள்.

செம்பை நீட்டினேன். வன்னிமை வாங்கவில்லை.
சுவருக்கு அப்பால்
முளைகளில் நானூறு நிழல்களும்
வலையில் சிக்கிய வௌவால்களாய் அடித்துக்கொண்டன.

"கோணாமலை, வெளியே யார்?"
"ஏழு பேர், ஐயா. மாசியிலிருந்து கொம்பறையில்."
"ஏன் சொல்லவில்லை?"
"கேட்கவில்லையே, ஐயா."

அவர் சிரித்தார் என்று
பிறகு கதை கட்டினார்கள். சிரிக்கவில்லை.
குனிந்து என் காலடியைப் பார்த்தார்.
விளக்கொளியில் அங்கே
ஒரு நிழல் கிடந்தது, செம்பும் கையுமாக.

"உன்னுடையதை நான் எடுக்கவில்லையா?"
"பட்டோலையில் என் பெயர் இல்லை, ஐயா."

கதவுத் தாழ் மெல்ல நகர்ந்தது.
பாலில் ஆடை படிந்திருந்தது.
சூடா என்று
அவர் கேட்கவில்லை.